முதலில் ட்யூனர்

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். ஒன்று சிவப்புப் பெட்டி, ஒன்று நீலம், இன்னொன்று ஓரமெல்லாம் பெயின்ட் பெயர்ந்த பழைய பெட்டி. கம்பெனி வேலையாகப் புனேவுக்கு எடுத்துப்போகும் பையில் பேஸ் கிட்டாரோடு, காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெடல் இரண்டுதான் வைக்க முடியும், எதை வாங்கட்டும் என்று அப்பாவைக் கேட்டிருந்தாய். அவர் படங்களை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். வெகுநேரம் யோசித்தார். கடைசியில் ஒரே ஒரு வார்த்தையை அனுப்பினார்: ட்யூனர். உனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குப் போன் போட்டு, "இன்னாம்மா இது, நான் எஃபெக்ட்ஸ் கேட்டா இவரு ட்யூனர்ன்றாரு. சுருதி பாக்க அதான் போன்லயே ஆப் கீதே. அவரு காலத்துல பெடல்லாம் எங்க இருந்துது, அவருக்கு இன்னா தெரியும்" என்றாய். நான் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே உன் ஷிப்ட் பஸ் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி கண்ணா. ரூமில் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளும் படிக்கலாம். அவர்களும் உன்னைப் போல கம்பெனி லைனில் நிற்பவர்கள்தானே, மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

எனக்கு கிட்டாரில் ஒரு தந்தியை மீட்டத் தெரியாது. ஆனால் பல வருஷம் மேடையில் பேஸ் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நின்று பாடியவள் நான். நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு பேஸ் என்று ஒன்று வாசிக்கப்படுவதே தெரியாது; அது நின்றுபோனால்தான் என்னமோ குறைகிறதே என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். பாடுகிறவளுக்கு அப்படி இல்லை. அது கெண்டைக்கால் வழியாக ஏறி வயிற்றில் வந்து நிற்கும். அது சரியாக இருந்தால் மேல் ஸ்தாயிக்குப் போகப் பயமே இருக்காது. கொஞ்சம் இறங்கினாலும் போதும், ஓடும் பஸ்ஸில் பிடி கிடைக்காமல் நிற்பது போல ஆகிவிடும். இந்தக் கடிதத்தில் பெடல்களைப் பற்றி வரும் விஷயங்களில் பாதி அப்பாவிடம் கேட்டு எழுதுவது, பாதி நானே நின்று கேட்டது. மற்றதெல்லாம் என்னுடையது. அதை அவர் படிக்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் எனக்கு இருபத்தொரு வயது. வாலாஜாபாத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவேன். அங்கே என்னைக் கேட்டுவிட்டுத்தான் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அவர் கீபோர்டு வாசிப்பவர், ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். கோயில் திருவிழா, சர்ச் அசன விருந்து, கல்யாண ரிசப்ஷன் எல்லாவற்றுக்கும் போகும் குழு. உன் தாத்தா அப்போது உயிரோடு இல்லை, எங்கள் வீட்டில் எதுவானாலும் உன் மாமா சொல்வதுதான். மாமா, உனக்கே தெரியும், ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாடட்டும். வூட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து வுடணும்" என்று மட்டும் சொன்னார். மாஸ்டர் சம்மதித்தார். அப்படித்தான் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில் குடோனில் நடந்த ரிகர்சலுக்கு நான் போனதும், அங்கே உன் அப்பாவை முதல் முறை பார்த்ததும்.

அவர்தான் பேஸ். வடக்குப்பட்டுக்காரர், நம்ம சபைதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருக்க மாட்டார் என்பதால் நான் பார்த்ததில்லை. பகலில் ஹைவே ஓரம் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் வேலை. இன்றைக்குப் போல வரிசையாகக் கம்பெனிகள் அப்போது இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தகர ஷெட்டுகள். அந்த ஷெட்டுக்குள் இரும்புத் தகட்டை வைத்து மெஷின் அமுக்கும் சத்தம் ரோட்டில் போகிற பஸ்ஸுக்குள்ளேயே கேட்கும். காதுக்கு எதுவும் தரமாட்டார்கள். மெஷின் துடைக்கும் காட்டன் வேஸ்ட்டைக் கிள்ளிக் காதில் வைத்துக்கொள்வார்கள், வியர்வையில் அது நழுவி விழுந்துவிடும். உன் அப்பா அதிகம் பேசாதவர். வந்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து, மெட்ராஸில் ஸ்டுடியோவில் வாசிக்கும் சிநேகிதர் ஒருவர் கொடுத்த கோரஸ் பெட்டியை எடுத்துத் துணியால் துடைத்து, காலடியில் வைத்துக்கொள்வார். பெடல் எங்கே இருந்தது என்று கேட்டாயே, அங்கே இருந்தது கண்ணா.

ஆடி மாசம் ஒரகடம் பக்கத்தில் ஓர் அம்மன் கோயிலில் கச்சேரி. பொழுது சாயும்போதே ஆரம்பித்துவிட்டோம். மெதுவான ஒரு பாட்டில், சரணத்தின் நடுவில், எனக்குக் கீழே தரை சரிந்தது. பேஸ் இறங்கியிருக்கிறது. அதிகம் இல்லை, ஒரு நூல் அளவு. திரும்பிப் பார்த்தேன். உன் அப்பா கண்ணை மூடிச் சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறார். மாஸ்டர் அவரை முறைக்கிறார், அதுவும் அவருக்குத் தெரியவில்லை. அடுத்த கச்சேரியில் அவர் கோரஸ் பெட்டியின் குமிழை முழுக்கத் திருப்பி வைத்திருந்தார். கோரஸ் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். நீ வாசிக்கும் சத்தத்தோடு, சுருதி லேசாக ஏறி இறங்கும் இன்னொரு சத்தத்தைச் சேர்த்துக் கொடுக்கும். எல்லாம் அலை அலையாக, இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது போல இருக்கும். அந்த அலையில் தந்தி சரியாக இருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கேட்பவர்களுக்கு அழகாக இருந்தது. எனக்கு எங்கே கால் வைப்பது என்றே புரியவில்லை. மாஸ்டருக்கும் பிடிக்கவில்லை. "அந்த பொட்டிய தூக்கி அப்பால வைய்யி, ஒரே கொழ கொழன்னு கீது" என்றார். உன் அப்பா மறுபேச்சு இல்லாமல் எடுத்து வைத்தார். அலை போனதும் உள்ளே இருந்த கோணல் அப்படியே வெளியே தெரிந்தது.

அவரைத் திமிர் பிடித்தவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்று ஏதாவது கேட்டால் பதிலே வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குடோனில் எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள், அவர் மட்டும் தந்தியைத் திருகிக்கொண்டிருந்தார். அவருடைய இடப்பக்கம் நின்று, அடுத்த பாட்டு எந்த சுருதி என்று கேட்டேன். தலை நிமிரவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, அதே குரலில், "உங்க சட்ட காலர்ல பல்லி கீது" என்றேன். அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வலப்பக்கம் போய் அதையே இன்னொரு தடவை சொன்னேன். துள்ளி எழுந்து சட்டையை உதறினார். பல்லி இல்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தார், நான் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறேன் என்பதைப் பார்த்தார், அவருக்கே புரிந்துவிட்டது.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"போன மழைக்கு முன்னாடியே," என்றார். "எடது காது சுத்தமா இல்ல. வலதுல ஒரு விசில் ஓடிக்கினே கீது, வூட்டுக்கு போனாலும் நிக்கறதில்ல. தந்திய திருப்பினா அந்த விசிலுக்கும் தந்திக்கும் வித்தியாசம் தெரில. மாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. பதிலுக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். கச்சேரி தொடங்கும் முன்னும், பாட்டுகளுக்கு நடுவில் இடைவெளி கிடைக்கும்போதும், அவர் தந்தியை மெல்ல மீட்டுவார். நான் அவர் பக்கம் பார்ப்பேன். தளர்ந்திருந்தால் தாடையை மேலே தூக்குவேன், முறுகியிருந்தால் கீழே இறக்குவேன், சரியாகிவிட்டால் கண்ணை மூடித் திறப்பேன். நன்றாகத்தான் போனது. அவர் வாசிப்பு மறுபடி என் காலுக்கடியில் உறுதியாக நின்றது. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் மறந்துபோனது ஒன்று. மேடை என்பது எல்லாரும் பார்க்கிற இடம்.

மாமா காதுக்கு அது போய்ச் சேர வெகுநாள் ஆகவில்லை. கடையிலிருந்து வந்தவர் கையைக்கூடக் கழுவாமல் என்னைக் கூப்பிட்டார். "மேடையில நின்னுக்கினு அவன பாத்து பாத்து இன்னா தலையாட்டிக்கினு கீற? பஸ் ஸ்டாண்டு பூரா பேசறான்."

"சுருதி பாக்கறோம் அண்ணா."

"சுருதி பாக்க மாஸ்டர் கீறாரு. நீ எதுக்கு பாக்கற?"

உண்மையைச் சொன்னால் இன்னொருவருடைய பிழைப்பு போய்விடும். சொல்லாவிட்டால் என் பேர் போகும். நான் வாயை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்து மாமா தன் சந்தேகம் சரி என்றே முடிவு கட்டிவிட்டார். "இனிமே பாட்டு வேணாம். டைப் அடிக்கறதோட நிறுத்திக்க" என்றார். அந்த வாரம் நான் ரிகர்சலுக்குப் போகவில்லை. இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகள் தட்டும் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் பாடிக்கொண்டிருந்தேன். அழவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த ஒன்றே ஒன்று அது. கை நழுவிப் போவதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஏன் வரவில்லை என்று மாஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார் உன் அப்பா. மறுநாள் சாயங்காலம் பிரஸ் ஷாப்பிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டையெல்லாம் கிரீஸ். மாமா வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அடிதடி ஆகப்போகிறது என்று நான் ஜன்னலுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

"காது போச்சு அண்ணே," என்றார் உன் அப்பா. வந்ததும் முதல் வார்த்தை அதுதான். "மெஷின் சத்தத்துல போச்சு. தந்தி ஏறுதா எறங்குதான்னு எனக்கு தெரில. அவங்கதான் தல ஆட்டி சொல்லிக்கினு இருந்தாங்க. வேற ஒண்ணும் இல்ல."

மாமா எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா மேடையும் போயிடும், கம்பெனிக்கு தெரிஞ்சா வேலயும் போயிடும்."

"அப்ப இப்ப எதுக்கு சொல்ற?"

"அவங்க பாட்டு போயிடுச்சே அண்ணே."

மாமா உள்ளே திரும்பி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கண்ணா, உனக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதெல்லாம், எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று எப்படிம்மா கண்டுபிடிப்பது என்று கேட்கிறாய். அவர் அழகா, படித்தவரா என்றெல்லாம் எனக்கு அன்று தோன்றவில்லை. தன் சோற்றுக்கு ஆபத்து என்று தெரிந்தும் அந்த வாசலில் வந்து நின்றாரே, அதைத்தான் பார்த்தேன். அப்படி உனக்காக நிற்கும் ஒருத்தியைப் பார்த்தால் அவளை விட்டுவிடாதே. நீயும் அவளுக்காக அப்படி நில்.

அவர் மாஸ்டரிடமும் போய்ச் சொன்னார். மாஸ்டர் கெட்டவர் இல்லை. "கேக்காத காத வெச்சிக்கினு எப்பிடிப்பா? இத்த நம்பி நாலு குடும்பம் கீது" என்றார். வேறு ஒருவரைக் கூட்டிவந்தார்கள். மாமா இப்போது தடுக்கவில்லை, நான் மறுபடி பாடப் போனேன். புதியவர் கெட்டிக்காரர், சுருதி கொஞ்சமும் பிசகாது. ஆனால் நான் மூச்சு எடுக்கும் இடத்தில்கூட நிற்காமல் வாசித்துக்கொண்டே போவார். உன் அப்பா அந்த இடத்தில் ஓர் இழை இடம் விட்டு வாசிப்பார். பின்னால் நின்று என் தோள் ஏறுவதைப் பார்த்து அப்படி வாசித்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதில் விழாததைக் கண்ணால் பிடித்திருக்கிறார்.

மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. தங்கையைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்பதை வாயால் சொல்லும் ஆள் இல்லை அவர். ஒரு நாள் வடக்குப்பட்டுக்கே போய், "கரண்ட்ட நான் காதால கேட்டா வேல செய்றேன்? மீட்டர வெச்சி பாக்கறேன். தந்திக்கும் ஒரு மீட்டர் இல்லாமயா இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். உன் அப்பா, ஃபாரின் சாமானில் அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை என்றார். மாமா கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி மெட்ராஸ் பர்மா பஜாருக்குப் போனார். பெருமையாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். திருகினால் டிக் டிக் என்று தாளம் போட்டது. உன் அப்பா சிரிக்காமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று இன்றைக்கும் சொல்வார். மாமா மறுபடி போனார். இந்த முறை சரியான பெட்டி. உள்ளங்கை அகலம், கறுப்பு, நடுவில் ஒரு முள். கிட்டார் வயரை அதில் சொருகித் தந்தியை மீட்டினால், தளர்ந்திருந்தால் முள் இடப்பக்கம் சாயும், முறுகியிருந்தால் வலப்பக்கம், நடுவில் நின்றால் சரி. தடித்த தந்திக்கு மட்டும் முள் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. உன் அப்பா அதையும் கண்டுபிடித்தார். கிட்டார் கழுத்தில் உள்ள பன்னிரண்டாவது கட்டைக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் சத்தம் மெலிந்து வரும், முள் அடங்கிவிடும். உன் புதுப் பெடலிலும் தடித்த தந்தி தகராறு செய்தால் அதே மாதிரி செய்துபார்.

மாமாவே அவரை ரிகர்சலுக்கு அழைத்து வந்தார். அந்தக் கறுப்புப் பெட்டியை மாஸ்டர் எதிரில் வைத்து, "இத்த வெச்சி சுருதி சேப்பாரு. சரியில்லனா வேணாம். கேட்டுட்டு சொல்லுங்க" என்றார். டிரம்ஸ் இல்லாமல், கீபோர்டு இல்லாமல், அவர் பேஸும் என் குரலும் மட்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். புதிதாக வந்தவரும் மூலையில் கைகட்டி நின்று கேட்டார். நான் பாடினேன். ஒரு சரணம் முடிந்ததும் மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தி, அவரைக் கேட்காமல் என்னைக் கேட்டார். "ஒனக்கு எப்பிடிம்மா கீது?"

"மூச்சு வுட எடம் கீது மாஸ்டர்," என்றேன்.

மாஸ்டர் தலையாட்டினார். இரண்டு பேரும் மாறி மாறி வாசிக்கட்டும், எந்த ஊர்க் கச்சேரிக்கு யார் என்று பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. "அந்த கோரஸ் பொட்டி மட்டும் வேணாம்" என்றார். "எனக்கே இனிமே வேணாம் மாஸ்டர்" என்றார் உன் அப்பா.

எங்கள் கல்யாணம், அதற்குப் பிறகு நீ, இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாதது, அவர் அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்து அத்தனை வருஷம் வாசித்தார் என்பது. நீ ஒன்றாவது படிக்கும்போது ஒரு ரிசப்ஷனில், முள் சரியாக நடுவில் நிற்க, சுருதி சுத்தமாக இருக்க, அவர் என்னை விட்டு ஒரு வரி முன்னால் போய்விட்டார். வலது காதும் போய்க்கொண்டிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. அவரே வீட்டுக்கு வந்து தந்தியையெல்லாம் தளர்த்தி, துடைத்து, உறை போட்டு வைத்தார். காதுக்கு மெஷின் போட்டுக்கொள்ளச் சொல்லி எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். "போட்டுக்கினு இன்னாத்த கேக்கப் போறேன்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்போது உன் பைக்கு வருவோம். ட்யூனர் ஆப் போதும் என்கிறாய். ரூமில் போதும். மேடையில் போன் எல்லாச் சத்தத்தையும் கேட்கும், டிரம்ஸ், ஸ்பீக்கர், மைக் டெஸ்ட் பண்ணுகிற ஆள், எல்லாம். பெடலுக்கு உன் கிட்டாரிலிருந்து வயர் வழியாக வருவது மட்டும்தான் தெரியும். அதை மிதித்தால் வெளியே சத்தம் நின்றுவிடும், நீ சுருதி சேர்ப்பதை ஊர் கேட்க வேண்டியதில்லை, பாடுகிறவள் பேசிக்கொண்டிருக்கலாம். வெயிலில் வைத்துப் பார்த்து வாங்கு. கடை நிழலில் பளிச்சென்று தெரியும் விளக்கு வெளி மேடையில் கண்ணுக்கே தெரியாது. கிட்டாரிலிருந்து வரும் வயர் முதலில் அதற்குள் போகட்டும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். வேறு பெட்டிகள் குழப்பிய சத்தத்தைக் கொடுத்தால் அதுவும் குழம்பிப்போகும்.

இரண்டாவதாக நீல நிறத்தில் இருக்கும் கம்ப்ரெஸரை எடுக்கச் சொல்கிறார். நீ வேகம் பிடித்தால் அடித்துவிடுகிறாய், அடுத்த வரியில் தொட்டும் தொடாமலும் வாசிக்கிறாய். அது இரண்டையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரும். ஆனால் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பாதே. எல்லாம் தட்டையாகிவிட்டால் நீ வாசிக்கிறாயா வேறு யாராவதா என்று எனக்கே தெரியாது. சிவப்புப் பெட்டி, அந்தக் கரகரப்புக்காகக் கேட்கிறாயே, அதை இப்போது விட்டுவிடு. அது அடிச் சத்தத்தைத் தின்றுவிடுகிறது. பின்னால் வாங்குவதானால் கரகரப்போடு சுத்தமான சத்தத்தையும் கலந்து விடும் குமிழ் இருக்கிறதா என்று பார். அந்தப் பெயின்ட் பெயர்ந்த கோரஸ் எனக்கு ஆகாது என்று உனக்கே புரிந்திருக்கும், ஆனால் அதன் மேல் குற்றம் இல்லை. மேல் தந்திகளில் தனியாக வாசிக்கும்போது கொஞ்சமாக வைத்தால் நன்றாகவே இருக்கும். கடையில் உன் கிட்டாரை வைத்து, பேஸுக்கு உள்ள ஆம்ப்ளிஃபயரில் போட்டுப் பார், சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார். சத்தமாக வைத்தால் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மலிவு அடாப்டரில் கரண்ட் கொடுத்தால் ங்ஙென்று இரையும், மாமா அதைச் சொல்லச் சொன்னார்.

இவ்வளவும் எழுதியது வேறு ஒன்றைச் சொல்லத்தான் என்று இப்போது எனக்கே தோன்றுகிறது. போன மாசம் இரண்டு நாள் லீவில் வந்தாயே, சாப்பிட்டுவிட்டு டிவி போட்டாய். நான் அடுப்படியில் இருந்தேன். வெளியே வந்து பார்த்தால் உன் அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். செய்தி வாசிக்கிறவள் சொல்வது ஒவ்வொன்றும் அவருக்குக் கேட்கிறது. முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். எத்தனையோ வருஷமாக அவர் உதட்டைப் பார்த்தும் கீழே ஓடும் எழுத்தைப் படித்தும்தான் செய்தி பார்க்கிறார். அவர் சந்தோஷப்படவில்லை கண்ணா. உன் கையில் இருந்த ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தமும் போதாமல் நீ இன்னும் ஒரு புள்ளி கூட்டினாய்.

நீ போன பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அவன் பாடி ஷாப்ல காதுக்கு போட்டுக்கறானா?" நீ அனுப்பிய ஒரு போட்டோவில் பார்த்தேன், வண்டி பாடி ஒட்டும் வெல்டிங் லைனுக்கு முன்னால் நண்பர்களோடு நிற்கிறாய். காதில் வைக்க வேண்டிய இரண்டு மஞ்சள் அடைப்பும் கயிற்றில் கழுத்தோடு தொங்குகின்றன. உனக்கு அவை கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவருக்குக் காட்டன் வேஸ்ட்தான் கிடைத்தது. உன்னைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்த வயதில் காது போகும் என்று யாருக்கும் தோன்றாது. ஆம்ப் பக்கத்தில் நிற்கும்போதும் அவற்றைப் போட்டுக்கொள். அடிச் சத்தம் எப்படியும் உன் காலில் ஏறும், எனக்கு ஏறியது போல.

நீ கிளம்புவதற்கு முன் வரும் சனிக்கிழமை காஞ்சிபுரத்தில் காது டாக்டரிடம் போகிறோம். வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுக்குக் காலையிலேயே வந்துவிடு, நாங்கள் அங்கே இருப்போம். டோக்கன் உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அவரிடம், பிள்ளை தனியாகப் போக மாட்டான், அவனுக்காக வாங்க என்று சொன்னேன், உடனே சட்டையை இஸ்திரி போடக் கொடுத்துவிட்டார். உன்னிடம் சொல்கிறேன், அப்பாவைக் காதுக்கு மெஷின் போட்டுக்கொள்ள வைக்க என்னால் இத்தனை வருஷம் முடியவில்லை, அவருக்காக வா. இரண்டில் எதுவும் பொய் இல்லை.